பீத்துணியை யார் துவைத்தது?

பாட்டி காலத்துக்குத் திரும்புவோம் என்கிறார்கள். டயபரை விட்டுத் துணிக்கு மாறுங்கள், குழந்தையின் தோலுக்கும் நல்லது, மண்ணுக்கும் நல்லது என்கிறார்கள். நல்ல பேச்சுதான். ஆனால் அந்தப் பாட்டி காலத்தில் பீத்துணியை யார் துவைத்தது என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை. அதைச் சொல்லாமல் துணியின் வரலாற்றை எழுத முடியாது.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். எல்லாக் குழந்தைகளுக்கும் அரைத்துணி இருந்ததில்லை. மாற்றுடுப்பே இல்லாத கூலி வீட்டில் பிள்ளைக்கு அரைஞாண் கயிறுதான் உடுப்பு. கிழிந்த சேலையில் தூளி கட்டுவார்கள். நனைந்தால் ஈரம் கீழே மண்ணில் சொட்டும், அவ்வளவுதான். பழைய வேட்டியைக் கிழித்து, மடித்து, ஒரு நாளைக்குப் பத்துத் துணி மாற்ற வேண்டுமானால் வீட்டில் பழைய வேட்டி மிஞ்சியிருக்க வேண்டும். துவைக்கத் தண்ணீர் வேண்டும். ஊர்க் கிணற்றில் இறங்க உரிமை இல்லாதவர்களுக்கு அதுவும் இல்லை.

துணி இருந்த வீடுகளில் அன்றாடம் நனைந்ததைத் தாயே அலசினாள், அல்லது வீட்டில் இருந்த இன்னொரு பெண் அலசினாள். அப்பன் அலசியதாகக் கேள்வி இல்லை. ஆனால் பிள்ளை பெற்ற வீட்டின் இரத்தத் துணி, தீட்டு கழியும்வரை சேர்ந்த துணி, பெண்களின் தூமைத்துணி ஆகியவை வண்ணாத்தியின் மூட்டைக்குப் போயின. மலபார் பக்கம் இது இன்னும் கறாரான சடங்காகவே இருந்தது. வண்ணாத்தி வெளுத்துக் கொடுக்கும் 'மாற்று' உடுத்தினால்தான் தீட்டுக் கழியும். ஒரு வீட்டை ஒதுக்கிவைக்க வேண்டுமென்றால் அந்த வீட்டுக்கு மாற்றுக் கொடுக்காமல் நிறுத்துவார்கள். தீட்டைக் கழிக்க அவள் கை வேண்டும், ஆனால் அந்தக் கையைத் தொட்டால் தீட்டு.

அந்தக் கைகளுக்குத் தெரிந்த தொழில்நுட்பம் சாதாரணமானதல்ல. உவர்மண்ணைக் கரைத்த காரநீரில் துணியை ஊறவைத்து, அடுப்பில் ஏற்றிய பானை மீது அடுக்கி, இராமுழுதும் நீராவியில் வேகவைப்பது வெள்ளாவி. பிறகு ஆற்றில் அடித்துத் துவைத்து வெயிலில் காயப்போடுவார்கள். காரம், நீராவி, வெயில் என மூன்றும் கிருமியைக் கொல்பவை. மருத்துவமனைத் துணிக்கு இன்று இயந்திரம் செய்யும் வேலையை விறகடுப்பில் செய்துகாட்டியவர்கள் அவர்கள். கூலியாகக் கிடைத்தது அறுவடைக் களத்தில் அளந்து போட்ட தானியமும், அந்தியில் வீடு வீடாக நின்று வாங்கிய சோறும்.

சேரியின் துணியை ஊர் வண்ணார் தொடமாட்டார். அதற்கென்று வைக்கப்பட்டவர்கள் புதிரை வண்ணார். துவைப்பதோடு பிள்ளைப்பேறு பார்ப்பது, முடி மழிப்பது, சாவுச் சடங்கு செய்வது என எல்லாம் அவர்கள் தலையில். 1932 டிசம்பரில் 'இந்து' நாளேட்டில் ஒரு செய்தி வந்தது. திருநெல்வேலி மாவட்டத்தில் இந்த மக்களைப் பார்த்தாலே தீட்டு என்பதால் பகலில் வெளியே வர விடுவதில்லை என்றும், நள்ளிரவுக்கும் விடியலுக்கும் இடையில்தான் துவைக்கிறார்கள் என்றும் அது சொன்னது. இவர்கள் துவைத்தது நம்முடைய துணியை. அண்ணல் அம்பேத்கர் சொன்ன படிநிலைச் சமத்துவமின்மைக்கு இதைவிடச் சான்று வேண்டாம். 1994இல் இமையம் 'கோவேறு கழுதைகள்' நாவலில் இவர்களின் வாழ்வை எழுதியபோது நமக்குள் பலருக்குக் கோபம் வந்தது. கோபம் வரட்டும், உண்மை மாறாது. பட்டியல் சாதிகளில் ஒன்றான இவர்களுக்குத் தமிழ்நாட்டில் தனி நலவாரியம் அமைய 2009 ஆனது.

அமெரிக்காவிலும் அழுக்குத்துணிக்கு நிறம் உண்டு. அடிமை முறை ஒழிந்த பிறகும் தெற்கு மாநிலங்களில் வெள்ளையர் வீட்டுத் துணியைக் கறுப்பினப் பெண்கள்தான் துவைத்தார்கள். 1881 ஜூலையில் அட்லாண்டாவில் சுமார் இருபது பேர் கூடி ஒரு சலவைத் தொழிலாளர் சங்கம் தொடங்கிக் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். மூன்றே வாரத்தில் மூவாயிரம் பேர் சேர்ந்தார்கள். கைது செய்தும் அபராதம் போட்டும் அவர்களைப் பணியவைக்க முடியவில்லை.

டயபரின் கதையிலும் அதே நாடு வருகிறது. நீர் புகாத உறையை உருவாக்கிய மரியன் டோனவன் 1951இல் காப்புரிமை பெற்றார். 1961இல் பேம்பர்ஸ் சந்தைக்கு வந்தது. 1980களில் ஈரத்தை உறிஞ்சிப் பசையாகப் பிடித்துவைக்கும் பாலிமர் சேர்ந்தது. தாய்மார்களுக்கு இது பெரிய விடுதலை, அதை மறுக்க நமக்கு உரிமை இல்லை. ஆனால் பீ மறைந்துவிடவில்லை. துவைப்பவர் மூட்டையிலிருந்து குப்பை அள்ளுபவர் கூடைக்கு மாறியது. இரண்டு கையும் எந்தத் தெருவிலிருந்து வருகின்றன என்பதைச் சொல்லத் தேவையில்லை.

2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் டயபரை உறையில் சுற்றி, மக்காத குப்பைத் தொட்டியில் போடச் சொல்லின. தயாரிப்பாளர்கள் மறுசுழற்சிப் பொருளைப் பயன்படுத்த முயல வேண்டும், இல்லையென்றால் ஒவ்வொரு டயபருக்கும் உறை தர வேண்டும் என்றும் சொல்லின. உங்கள் வீட்டு டயபர் பாக்கெட்டைப் பிரித்துப் பாருங்கள், உறை இருக்கிறதா? அந்தத் தொட்டியைத் தரம் பிரிப்பது மனிதக் கை. 2013ஆம் ஆண்டின் சட்டம் கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்கிறது. ஆனால் அது பேசுவது சுகாதாரமற்ற கழிப்பறை, திறந்த வடிகால், குழி, இரயில் தண்டவாளம் ஆகியவற்றில் கிடக்கும் மலத்தைப் பற்றி. டயபருக்குள் மடித்த மலம் அந்தப் பட்டியலில் இல்லை. வேறு இடங்களையும் சேர்த்து அறிவிக்க மத்திய, மாநில அரசுகளுக்கு அதே பிரிவில் அதிகாரம் இருக்கிறது.

அப்படியானால் துணிதான் தீர்வா? பிரிட்டன் அரசு 2008இல் வெளியிட்ட ஆய்வின் கணக்கு இது: ஒரு குழந்தைக்கு இரண்டரை ஆண்டில் டயபர் வழியாக சுமார் 550 கிலோ கரியமில வாயு, துணி வழியாக சுமார் 570 கிலோ. இயந்திரம் நிறையத் துவைத்து, கொடியில் உலர்த்தி, அதே துணியை அடுத்த பிள்ளைக்கும் பயன்படுத்தினால்தான் துணி தெளிவாக வெல்கிறது. எப்படித் துவைக்கிறோம் என்று அங்கே கணக்குப் போட்டார்கள். யார் துவைக்கிறார்கள் என்று நாம் சேர்த்துப் போட வேண்டும். வேலைக்கார அம்மாவின் கையில் கொடுத்துவிட்டு இயற்கை வாழ்வு என்று படம் போடுவது பழைய குடிமைமுறைக்குப் புதுப்பெயர் வைப்பது.

துணிக்கு மாறுகிறவர்கள் மாறுங்கள். பீயைக் கழிப்பறையில் கொட்டிவிட்டு, துணியை வீட்டு ஆண்களும் துவையுங்கள். டயபர் வேண்டும் என்பவர்களும் முதலில் கழிப்பறையில் உதறுங்கள், சுற்றி, அடையாளமிட்டுத் தனியே கொடுங்கள். உறை தராத நிறுவனத்திடம் அரசு தண்டம் வசூலிக்கட்டும். டயபர் மலத்தைக் கையால் பிரிக்கும் இடங்களை 2013 சட்டத்தின் கீழ் அறிவிக்கட்டும். 2025 ஆகஸ்டில் சென்னை ரிப்பன் மாளிகை முன்பு 13 நாள் உட்கார்ந்திருந்த தூய்மைப் பணியாளர்கள் நிரந்தர வேலை கேட்டார்கள். நம் பிள்ளைகளின் பீயை அன்றாடம் சுமக்கிறவர்களுக்கு அதைக் கேட்க எல்லா உரிமையும் உண்டு.