அடுத்தவன் காட்டுல ஸ்னோமொபைல்: மெய்ன் காடுகளின் கதை

அமெரிக்காவுல காடுன்னதும் நமக்கெல்லாம் யெல்லோஸ்டோன், யோசெமிட்டின்னு அரசாங்கப் பூங்காக்கள்தான் ஞாபகத்துக்கு வரும். வடகிழக்கு மூலையில கனடாவுக்குள்ள தலையை நீட்டிக்கிட்டு இருக்கற மெய்ன் மாநிலத்துல சங்கதியே வேற. மாநில நிலத்துல 90 சதவீதத்துக்கு மேல தனியார் சொத்து. வடக்குப் பகுதியில ஊரே இல்லாம, காடும் ஏரியும் மூஸ் மான்களுமா லட்சக்கணக்கான ஏக்கர் கிடக்கு. எல்லாத்துக்கும் பட்டா உண்டு, பட்டாதாரரும் உண்டு. ஆனாலும் பனிக்காலம் வந்தா யார் வேணும்னாலும் ஸ்னோமொபைலை எடுத்துக்கிட்டு இந்தக் காட்டுக்குள்ள நூறு மைல், இருநூறு மைல்னு ஓட்டலாம்.

நம்ம ஊர்ல அடுத்தவன் தோப்புல கால் வெச்சாலே "யார்றா அது?"ன்னு குரல் வரும். இங்க எப்படி இவ்வளவு தாராளம்? அதுக்கு ஒரு முந்நூத்தம்பது வருஷக் கதை இருக்கு மக்களே.

காடு கைமாறின கதை

முதல்ல இது பெனாப்ஸ்காட், பாசமக்வாடி முதலான பழங்குடிகளோட பூமி. 1820 வரைக்கும் மெய்ன் தனி மாநிலம் கிடையாது, மாசசூசெட்ஸோட ஒரு பகுதி. அமெரிக்கப் புரட்சி முடிஞ்ச கையோட மாசசூசெட்ஸ் அரசாங்கத்துக்குக் கடன் கழுத்தை நெரிச்சுது. கையில இருந்த ஒரே சொத்து இந்தக் காடு. 1786-ல லாட்டரி போட்டுக்கூட வித்துப் பார்த்தாங்க, சரியாப் போகலை. 1793-ல வில்லியம் பிங்காம்னு ஒரு பிலடெல்பியா பணக்காரர் ஒரே வீச்சுல சுமார் 20 லட்சம் ஏக்கரை வாங்கினார். பழங்குடிகளோட போட்ட ஒப்பந்தங்களுக்கு மத்திய அரசோட ஒப்புதலே வாங்கலை. 1790-ம் வருஷத்துச் சட்டப்படி அந்த ஒப்புதல் கட்டாயம். இந்த ஓட்டையை வெச்சு 1970-கள்ல பழங்குடிகள் மாநிலத்துல மூணுல ரெண்டு பங்கு எங்களுதுன்னு வழக்காட, 1980-ல மத்திய அரசு 8.15 கோடி டாலர் கொடுத்து சமரசம் பண்ணுச்சு. அதுல ஒரு பகுதியை வெச்சு சொந்தக் காட்டையே திரும்பக் காசு கொடுத்து வாங்கினாங்க. கொடுமைதான்.

அப்புறம் வந்தது காகித ஆலைகளோட காலம். 1900-ல மில்லினாக்கெட்ல கிரேட் நார்தர்ன் பேப்பர் கம்பெனி ஆலையை ஓட்ட ஆரம்பிச்சது. நடுக்காட்டுல ஒரு ஊரையே உருவாக்கி, பின்னாடி 20 லட்சம் ஏக்கருக்கு மேல சொந்தக்காரனா உக்காந்துச்சு. வெட்டின மரத்தை ஆத்துல மிதக்க விட்டுத்தான் ஆலைக்குக் கொண்டு வருவாங்க. 1976-ல கென்னபெக் ஆத்துல அந்த வழக்கம் முடிவுக்கு வந்துச்சு. லாரி ஓட காட்டுக்குள்ள ரோடு போட வேண்டியதாப் போச்சு. அந்த ரோடு வழியா ஜனங்களும் உள்ள வர ஆரம்பிச்சாங்க.

கம்பெனிக்காரங்க யாரையும் விரட்டலை. ஆலையில வேலை பார்க்கறவனும் அதே ஊர்க்காரன், ஞாயித்துக்கிழமை மீன் பிடிக்க வர்றவனும் அவனே. பழைய சட்டமும் ஜனங்க பக்கம் இருந்துச்சு. 1641-லயும் 1647-லயும் மாசசூசெட்ஸ் காலனி போட்ட ஒரு விதிப்படி, 10 ஏக்கருக்கு மேல இருக்கற இயற்கை ஏரியெல்லாம் பொதுச்சொத்து, நம்ம ஏரிப் புறம்போக்கு மாதிரின்னு வெச்சுக்கங்க. அந்த ஏரிக்கு மீன் பிடிக்கவோ பறவை வேட்டைக்கோ போறவன், பயிர் செய்யாத அடுத்தவன் நிலம் வழியா நடந்து போகலாம். மெய்ன்ல இன்னைக்கும் இது செல்லும்.

நடந்து போகத்தான் உரிமை, வண்டியில போறதுக்கு இல்லை. ஸ்னோமொபைல் பிரச்சினை இங்கதான் ஆரம்பிக்குது.

பனியில ஓடற வண்டி

வண்டியோட பூர்வீகமும் பாதி இந்தக் காடுதான். மெய்ன்ல வாட்டர்வில் ஊரைச் சேர்ந்த ஆல்வின் லம்பார்டு 1901-ல மரம் இழுக்கற நீராவி எஞ்சின் ஒண்ணுக்குக் காப்புரிமை வாங்கினார். பின்பக்கம் சக்கரத்துக்குப் பதிலா சுத்தற சங்கிலிப் பட்டை, முன்பக்கம் பனிச்சறுக்குக் கட்டை. இன்னைக்கு ஸ்னோமொபைலும் அதே அமைப்புதான். திருப்பறதுக்குன்னே ஒரு ஆள் பாய்லருக்கு முன்னாடி, குளிர்ல, சக்கரத்தைப் பிடிச்சுக்கிட்டு உக்காருவான். பின்னாடி டன் கணக்குல மரம், வண்டியில பிரேக் கிடையாது. சரிவுல இறங்கும்போது அவன் மனசுல என்ன ஓடியிருக்கும்னு யோசிச்சுப் பாருங்க.

தனி ஆள் ஓட்டற சின்ன வண்டிக்கு விஸ்கான்சின்ல சேனர் ஊர்க்காரர் கார்ல் எலியாசன் 1924-ல முதல் வடிவம் கொடுத்தார். கனடாவுல கியூபெக்கோட வால்கோர்ட் ஊர்ல ஜோசப் அர்மாண்ட் பொம்பார்டியர் வருஷக்கணக்கா பனி வண்டி செஞ்சு பார்த்துக்கிட்டிருந்தார். 1934 பனிக்காலத்துல அவரோட ரெண்டு வயசுப் பையனுக்கு வயித்துல நோய் முத்திப் போச்சு. ரோடெல்லாம் பனி மூடிக் கிடக்கு, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வழியில்லை. அவர் செஞ்ச வண்டியோ ஓடற நிலைமையில இல்லை. குழந்தை செத்துப் போச்சு. அதுக்கப்புறம் விடாம உழைச்சு 1937-ல காப்புரிமை வாங்கி, ஏழு பேர் போற பனி வண்டியை வித்தார். டாக்டர், தபால்காரர், பள்ளிக்கூடப் பிள்ளைங்கன்னு எல்லாருக்கும் அதுதான் வாகனம். 1959-ல அவர் விட்ட குட்டி வண்டிதான் ஸ்கி-டூ. நாய் இழுக்கற சறுக்குவண்டிக்கு மாத்துன்னு 'ஸ்கி-டாக்'னு பேர் வெச்சாராம், அது எப்படியோ 'ஸ்கி-டூ' ஆயிடுச்சு.

உயிர் காக்கறதுக்காகத் தொடங்கின வேலை பொழுதுபோக்கா மாறி, 1970-களோட ஆரம்பத்துல அமெரிக்காவுலயும் கனடாவுலயுமா சேர்த்து வருஷத்துக்கு சுமார் 5 லட்சம் வண்டி வித்துச்சு.

அனுமதிங்கற நூல்

1968-ல மெய்ன் ஸ்னோமொபைல் சங்கம் ஆரம்பிச்சாங்க. ஊருக்கு ஊர் கிளப். கிளப் ஆளுங்க நிலத்துக்காரங்க வீட்டுக் கதவைத் தட்டி "உங்க நிலத்து வழியா பாதை போட்டுக்கலாமா?"ன்னு கேக்கறாங்க. பல இடத்துல வாய் வார்த்தையாவே சம்மதம். இலையுதிர் காலத்துல கிளையை வெட்டி, சின்னப் பாலம் கட்டி, பலகை நட்டு, பனி விழுந்ததும் ராத்திரியில மெஷின் விட்டு மட்டம் பண்றது பெரும்பாலும் தன்னார்வலர்கள்தான். வண்டிப் பதிவுக் கட்டணத்துல ஒரு பங்கு இதுக்கு வருது. இப்படிச் சேர்ந்த பாதைங்க சுமார் 14,000 மைல், பெரும்பகுதி தனியார் நிலத்துல. இலவசமா நிலத்தை விட்டவன் மேல, விழுந்து கை கால் உடைஞ்சவன் கேஸ் போட முடியாதபடி மாநிலச் சட்டம் வேற காவல் இருக்கு.

வடக்குல நிலத்துக்காரங்க சேர்ந்து 1970-கள்ல 'நார்த் மெய்ன் வுட்ஸ்'னு லாப நோக்கில்லாத அமைப்பு ஒண்ணை உருவாக்கினாங்க. சுமார் 35 லட்சம் ஏக்கருக்கு ரோட்ல சோதனைச்சாவடி இருக்கு. உள்ள மரம் ஏத்தின லாரிக்குத்தான் முதல் மரியாதை, நாம ஒதுங்கித்தான் நிக்கணும்.

போனா பார்க்க வேண்டியது ஈகிள் ஏரிக் கரையில துருப்பிடிச்சு நிக்கற ரெண்டு ரயில் எஞ்சின். 1920-கள்ல எத்வார் லாக்ருவாங்கற கனடாக்காரர் மரம் கடத்த நடுக்காட்டுல சுமார் 13 மைல் ரயில் பாதை போட்டார். 1933-ல வேலை நின்னுச்சு. எஞ்சினை அப்படியே விட்டுட்டுப் போயிட்டாங்க. 1969-ல கொட்டகையும் எரிஞ்சு போச்சு. வெளி ரயில் பாதை எதோடவும் சேராத எஞ்சின் காட்டுல நிக்கறதைப் பார்க்கவே ஸ்னோமொபைல்காரங்க வர்றாங்க. இந்த இடம் இப்ப மாநிலம் 1966-ல உண்டாக்கின அலகாஷ் நீர்வழிக்குள்ள இருக்கு.

கதவு சாத்தினா?

1990-கள்ல காகிதக் கம்பெனிகள் நிலத்தைக் கைமாத்த ஆரம்பிச்சாங்க. முதலீட்டு நிறுவனங்களும் கோடீஸ்வரங்களும் வாங்கினாங்க. மில்லினாக்கெட் ஆலை 2008-ல மூடிப் போச்சு. ஊருக்கு மிச்சமிருந்த பிழைப்புல ஒண்ணு பனிக்கால விருந்தாளிங்க.

இந்த நேரத்துலதான் பர்ட்ஸ் பீஸ் கம்பெனியை உருவாக்கின ராக்ஸேன் குவிம்பி, கட்டாடின் மலைக்குக் கிழக்கே நிலமா வாங்கிக் குவிச்சாங்க. காட்டைக் காட்டாவே விடணும்னு வேட்டைக்கும் ஸ்னோமொபைலுக்கும் தடை போட்டாங்க. ஊரே கொதிச்சுது. அவங்களைத் தடை பண்ணச் சொல்லி கார் பின்னாடியெல்லாம் ஸ்டிக்கர். சட்டப்படி அவங்க பக்கம் தப்பே இல்லை, அவங்க நிலம். ஊர்க்காரங்க தாத்தா காலத்துலருந்து போய் வந்த பாதைங்கறதும் நிஜம்.

இதே மலையை 1930-ல கிரேட் நார்தர்ன்கிட்டருந்து விலைக்கு வாங்கி, 1962 வரைக்கும் துண்டு துண்டா 2 லட்சம் ஏக்கர் சேர்த்து ஜனங்களுக்கு எழுதி வெச்சவர் முன்னாள் கவர்னர் பெர்சிவல் பாக்ஸ்டர். என்னிக்கும் காடாவே இருக்கணும்னு நிபந்தனை. அங்கயும் ஸ்னோமொபைலுக்கு குறிப்பிட்ட ரோட்ல மட்டும்தான் இடம்.

குவிம்பி குடும்பம் கடைசியில இறங்கி வந்துச்சு. பெனாப்ஸ்காட் ஆத்தோட கிழக்குக் கிளைக்கு அந்தப் பக்கம் வேட்டையும் ஸ்னோமொபைலும் இருக்கட்டும்னு ஒத்துக்கிட்டு, சுமார் 87,500 ஏக்கரை நாட்டுக்கே கொடுத்தாங்க. 2016 ஆகஸ்ட்ல ஒபாமா அதை தேசிய நினைவுச்சின்னமா அறிவிச்சார்.

எனக்கு என்ன தோணுதுன்னா, அந்த 14,000 மைல் பாதையில பெரும்பகுதி யாரோ ஒருத்தர் "சரி, போயிக்கங்க"ன்னு சொன்னதுல நிக்குது. ஒருத்தன் பாதையை விட்டு விலகி, பனிக்கடியில இருக்கற இளங்கன்னை ஒடிச்சுட்டுப் போனா, அடுத்த வருஷம் அங்க சங்கிலி தொங்கும். பாதை அறுந்தா அதை நம்பி இருக்கற பெட்ரோல் பங்க், சாப்பாட்டுக்கடை, தங்கற விடுதி எல்லாம் அறுந்துடும். அதனாலதான் கிளப்காரங்க வருஷா வருஷம் நிலத்துக்காரங்களைக் கூப்பிட்டு விருந்து போடறாங்க. யாராவது போறதா இருந்தா மறக்காம கிளப்ல சேர்ந்துட்டுப் போங்க, பலகையில போட்டிருக்கறபடி ஓட்டுங்க.

லம்பார்டு எஞ்சின் பத்தி எழுத இன்னும் நிறைய இருக்கு. அது தனிப் பதிவாவே வரும்.