முகப்புப் படத்தை நகர்த்துவது யார்? ஜாவாஸ்கிரிப்ட் ஸ்லைடரின் முப்பது ஆண்டுகள்

இணையதள முகப்பில் நான்கைந்து படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துபோகும் ஸ்லைடருக்கு ஏறத்தாழ ஜாவாஸ்கிரிப்டின் வயது. தொடக்கத்தில் படத்தை மாற்றும் உரிமை கடிகாரத்திடம் இருந்தது. இன்று அது பார்ப்பவரின் விரலுக்கு வந்திருக்கிறது. இடையில் நடந்தது என்ன என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

1995 மே மாதம் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் பத்தே நாளில் ஜாவாஸ்கிரிப்டின் முதல் வடிவத்தை எழுதி முடித்தார். பக்கத்தில் ஏறிவிட்ட படத்தை மாற்ற அந்த மொழிக்கு அப்போது வழியில்லை. 1996 ஆகஸ்டில் வெளியான நெட்ஸ்கேப் நேவிகேட்டர் 3 உலாவி அந்த வசதியைத் தந்தது. படக்கோப்பின் முகவரியை நிரல் மாற்றினால் போதும்; பக்கம் மறுபடி ஏறாமல் படம் மட்டும் மாறியது.

அக்கால ஸ்லைடரின் உள்கட்டு மிக எளிது. கோப்புப் பெயர்கள் ஒரு வரிசையில் இருக்கும். இப்போது எத்தனையாவது படம் என்பதை ஓர் எண் சொல்லும். சில நொடிக்கு ஒருமுறை டைமர் அந்த எண்ணுடன் ஒன்றைக் கூட்டும். ஐந்து படங்கள் 0 முதல் 4 வரை எண்ணப்பட்டிருந்தால், கூட்டிய எண்ணை ஐந்தால் வகுத்து மீதியை எடுப்பார்கள். 4-க்குப் பின் 5 வராமல் 0 வரும். சுற்று தானாகத் தொடரும். டயல்-அப் வேகத்தில் அடுத்த படம் உரிய நேரத்தில் வந்து சேராது. அதனால் திரையில் காட்டாமலே படங்களை முன்கூட்டி இறக்கிவைப்பதும் வழக்கமாயிற்று.

இப்படி மாறிய படம் சட்டென்று மாறியது, வழுக்கி நகரவில்லை. அசைவு வேண்டியவர்கள் ஃபிளாஷ் என்ற அசைபடத் தொழில்நுட்பத்தை நாடினார்கள்.

2006 ஜனவரியில் ஜான் ரெசிக் அறிமுகப்படுத்திய ஜேக்வெரி என்ற ஜாவாஸ்கிரிப்ட் நிரல் தொகுப்பு, அசைவை ஓரிரு வரிகளில் அடக்கியது. அதன்மேல் ஸ்லைடர் பிளக்-இன்கள் பெருகின. 2007-இல் வந்த ஐபோன் ஃபிளாஷை ஏற்காததால் இந்தப் போக்கு மேலும் வலுத்தது. 2012 ஜனவரியில் வெளியான, இணையப் பக்கங்களை வடிவமைக்க உதவும் பூட்ஸ்ட்ராப் 2, கரோசல் என்ற பெயரில் ஸ்லைடரைத் தன் தொகுப்பிலேயே கொடுத்தது. அதன்பின் நிரல் எழுத வராதவரும் நாலு வரியை நகலெடுத்து ஒட்டி ஸ்லைடர் வைக்கலாம் என்றானது.

வைப்பது எளிதான பிறகுதான், அதை யாராவது பார்க்கிறார்களா என்ற கேள்வி எழுந்தது. அமெரிக்காவின் நோட்டர் டேம் பல்கலைக்கழகத் தள முகப்பின் கணக்கு 2013-இல் வெளிவந்தது: ஸ்லைடரைச் சொடுக்கியவர்கள் சுமார் 1 சதவீதம், அந்தச் சொடுக்குகளிலும் 84 சதவீதம் முதல் படத்துக்கே. அதே ஆண்டு இணையப் பயன்பாட்டு வல்லுநர் ஜேக்கப் நீல்சன் ஒரு சோதனையைப் பற்றி எழுதினார். சலவை இயந்திரச் சலுகையைத் தேடிய ஒரு பெண்ணின் கண்ணெதிரே, பக்கத்தின் உச்சியில், பெரிய எழுத்தில் அந்தச் சலுகை ஓடிக்கொண்டிருந்தது. அவர் அதைக் கவனிக்கவே இல்லை.

தானாக ஓடும் படம் சிலருக்குத் தடையாகவும் இருந்தது. மெதுவாகப் படிப்பவர் வாசகத்தை முடிப்பதற்குள் அடுத்த படம் வந்துவிடும். 2008 டிசம்பரில் இணையத் தரநிலை அமைப்பான டபிள்யூ3சி வெளியிட்ட அணுகல் நெறிமுறை, தானே தொடங்கி 5 நொடிக்கு மேல் பிற உள்ளடக்கத்தோடு சேர்ந்து ஓடும் அசைவை நிறுத்த வழி வேண்டும் என்று ஏற்கெனவே வரையறுத்திருந்தது.

தொடுதிரை பரவியபின் உலாவிகளே வேலையை எடுத்துக்கொண்டன. 2018-இல் குரோம் 69 சேர்த்துக்கொண்ட ஸ்க்ரோல் ஸ்னாப் வசதியில், விரலால் தள்ளிய படம் பாதியில் நிற்காமல் சரியான இடத்தில் வந்து பொருந்துகிறது, நிரல் தேவையில்லை. 2025-இல் குரோம் 135 அம்புக்குறிப் பொத்தான்களையும் புள்ளிகளையும்கூட பக்கத்தின் தோற்றத்தை வரையறுக்கும் சிஎஸ்எஸ் வழியாகவே தந்துவிட்டது. தானாக ஓடியே தீரவேண்டும் என்று தள உரிமையாளர் கேட்டால் மட்டும் ஜாவாஸ்கிரிப்ட் டைமர் தேவைப்படுகிறது, கூடவே ஒரு நிறுத்தும் பொத்தானும்.