குடும்ப இரகசியமும் தொடர்நாடகமும்

துரோகமும் குடும்ப இரகசியமும் நிறைந்த தொடர்நாடகங்கள் நம் மனத்தைக் கவர்வது ஏன்? மனோகர் சியாம் ஜோஷி எழுதிய 'ஹம் லோக்' என்னும் இந்தித் தொடர் 1984 ஜூலை 7 அன்று தூர்தர்ஷனில் தொடங்கி, 1985 டிசம்பர் வரை நடைபெற்றது. குடிக்கு அடிமையான தந்தை, திரைப்பட ஆசையால் ஏமாற்றப்பட்ட மகள் என, அயலார் அறியாது நாம் மூடிவைப்பனவற்றை அது கூடத்திலேயே பேசிற்று. வடபுலத் தமிழராகிய நாமும் அவ்வீட்டில் நம் வீட்டைக் கண்டோம். ஒவ்வொரு பகுதியின் இறுதியிலும் நடிகர் அசோக் குமார் தோன்றி நேயர்களோடு உரையாடுவார். தாம் விரும்பியவரை மணக்கப் பெற்றோரை இசைவிக்குமாறு இளைஞர் பலர் அவருக்குக் கடிதம் எழுதினர். பக்கத்து அறையிலிருந்த தந்தையிடம் சொல்ல இயலாததைத் திரையில் கண்ட முதியவரிடம் சொன்னார்கள். கேட்க ஒரு செவி உண்டு என்னும் நம்பிக்கையே இக்கதைகளின் கவர்ச்சி எனலாம்.