பான்தலா மதகில் யார் சொல் செல்ல வேண்டும்? கிழக்குக் கொல்கத்தா ஈரநிலங்களும் உள்ளாட்சியும்

கொல்கத்தா ஹூக்ளி ஆற்றங்கரையில் வளர்ந்த நகரம். ஆனால் அதன் நிலம் ஆற்றை விட்டு விலகிக் கிழக்கே சரிகிறது. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் பாதாளச் சாக்கடைக்குத் திட்டம் வகுத்த பொறியாளர் வில்லியம் கிளார்க் இந்தச் சரிவை நம்பியே கால்வாய்களை அமைத்தார். நகரத்தின் கழிவுநீர் கிழக்கே உப்பு ஏரிகளைக் கடந்து வித்யாதரி ஆற்றில் சேர்ந்தது. பிறகு வண்டல் ஏறி ஆறு தூர்ந்தது. 1928இல் அது செத்த ஆறு என்று அரசே அறிவித்தது. கடல் ஓதம் ஏரிகளுக்கு வருவது நின்றதால், உவர்நீர் மீனை நம்பியிருந்தவர்கள் நகரத்தின் கழிவுநீரைக் குளங்களில் பாய்ச்சி நன்னீர் மீன் வளர்க்கப் பழகினார்கள். இன்று 12,500 ஹெக்டேர் பரப்பில் விரிந்திருக்கும் கிழக்குக் கொல்கத்தா ஈரநிலங்களின் பொருளாதாரம் அந்தப் பழக்கத்திலிருந்து பிறந்தது.

ஜெர்மனியின் மியூனிக் நகரமும் 1929இல் கழிவுநீர்க் கெண்டைக் குளங்களை அமைத்தது. அங்கே பொறியாளர்கள் வரைபடம் வரைந்து கட்டினார்கள். கொல்கத்தாவில் மீனவர்களும் குத்தகைதாரர்களும் கூலியாட்களும் ஆண்டுக்காண்டு செய்து பார்த்துக் கற்றார்கள்.

அவர்கள் கற்றது நுட்பமான வேலை. ‘பேரி’ என்று வங்காளத்தில் வழங்கும் இந்தக் குளங்கள் ஆழம் குறைந்தவை. பலவற்றில் இடுப்பளவு நீர்தான் நிற்கும். குளிர்காலத்தில் நீரை வடித்துத் தரையைக் காயவிடுகிறார்கள், தூர் எடுக்கிறார்கள், கரையைச் செப்பனிடுகிறார்கள். பிறகு கழிவுநீரை உள்ளே விட்டுச் சில வாரம் நிறுத்துகிறார்கள். வெயிலில் பாசி பெருகி ஆக்சிஜனை வெளியிடுகிறது. அதைக் கொண்டு நுண்ணுயிரிகள் அழுக்கைச் சிதைக்கின்றன. நீர் தெளிந்ததும் ரோகு, கட்லா, மிருகால் குஞ்சுகளை விடுகிறார்கள். அதன் பின் கழிவுநீர் அளவோடுதான் பாயும்; மிகுந்தால் மீன் செத்துவிடும். ஓரங்களில் வளர்க்கும் ஆகாயத்தாமரை அலையிலிருந்து கரையைக் காப்பதோடு உலோகக் கழிவுகளையும் உறிஞ்சுகிறது. நாளொன்றுக்கு ஏறத்தாழ 75 கோடி லிட்டர் கழிவுநீரை வெளியேற்றும் நகரம், பெருஞ்செலவில் செய்ய வேண்டிய சுத்திகரிப்பைப் பெருமளவு இந்த உழைப்பாளிகளிடம் விட்டிருக்கிறது. கூடவே ஆண்டுக்குப் பத்தாயிரம் டன்னுக்கு மேல் மீனும், தாபா என்ற இடத்தின் குப்பை நிலங்களில் விளையும் காய்கறியும் நகரத்தின் சந்தைக்கு வருகின்றன.

இந்த அறிவைப் படித்து உலகுக்குச் சொன்னவர் துருபஜோதி கோஷ் (1947-2018). 1980களில் மாநில அரசின் பொறியாளராகக் கழிவுநீரின் பாதையைத் தொடர்ந்து போனவர், மீன் வளர்ப்போரையே ஆசிரியர்களாக ஏற்றுக்கொண்டார். அவர் தந்த சான்றுகள் பின்னாளில் சட்டப் போராட்டத்துக்கும் உதவின. கொல்கத்தாவின் ‘பப்ளிக்’ என்ற குடிமக்கள் அமைப்பு தொடுத்த வழக்கில் 1992 செப்டம்பரில் நீதிபதி உமேஷ் சந்திர பானர்ஜி அளித்த தீர்ப்பு, ஈரநிலத்தை வேறு பயன்பாட்டுக்கு மாற்றுவதைத் தடுத்தது. 2002இல் உலக ஈரநிலங்களுக்கான ராம்சர் உடன்படிக்கையின் அங்கீகாரம் கிடைத்தது. 2006இல் இந்த நிலப்பரப்புக்கென்றே தனிச் சட்டமும் மேலாண்மை ஆணையமும் வந்தன.

இந்த வெற்றிகள் அரியவை. ஆனால் அவை காத்தது நிலத்தின் எல்லையைத்தான். பேரியின் உயிர் நீரில் இருக்கிறது.

மாநகராட்சியின் பம்பிங் நிலையங்கள் கழிவுநீரைக் கால்வாயில் தள்ளுகின்றன. பான்தலாவில் மதகு நீரைத் தேக்கினால்தான் அது கிளைக் கால்வாய்களில் ஏறிப் பேரிகளுக்குத் தானாகப் பாயும். மழைக்காலத்திலோ வெள்ளம் தேங்காதிருக்க மட்டத்தைத் தாழ்த்த வேண்டும் என்று நகரம் கேட்கிறது. இரண்டும் நியாயமான தேவைகள். கால்வாயில் வண்டல் ஏற ஏற இந்த முரண் முற்றுகிறது. நீர் வராத பேரி நட்டமாகும். நட்டமான பேரியைத் தூர்த்து மனையாக விற்கத் தரகர்கள் காத்திருப்பார்கள். எந்தச் சட்டத்தையும் மீறாமலே, மதகின் மட்டத்தை மாற்றி ஒரு குளத்தைக் கொன்றுவிடலாம் என்பதே இந்தக் கட்டுரையின் கவலை.

கால்வாயும் மதகும் நீர்ப்பாசனத் துறையிடம், பம்பு மாநகராட்சியிடம், நிலப்பயன்பாடு ஆணையத்திடம் இருக்கின்றன. கேயாதாஹா, பாமன்காட்டா போன்ற கிராம ஊராட்சிகளுக்குச் சாலையும் குடிநீரும் விடப்பட்டிருக்கின்றன. பேரியில் வேலை செய்பவர்கள் அந்த ஊராட்சிகளின் வாக்காளர்கள். ஆனாலும் தங்கள் வாழ்வைத் தீர்மானிக்கும் நீர்மட்டத்தைப் பற்றி ஊராட்சி வழியாக அவர்கள் எதையும் முடிவு செய்ய இயலாது.

தமிழ் வாசகருக்கு இங்கே உத்திரமேரூர் நினைவுக்கு வரலாம். முதலாம் பராந்தகனின் 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் அங்கே குடவோலை முறையில் தேர்ந்தெடுக்கப்பட்ட வாரியங்களைச் சொல்கின்றன. அவற்றுள் ஏரி வாரியம் தனியே இடம்பெறுகிறது. அது அனைவரின் சபையாக இருக்கவில்லை. நிலமுடைய பிராமணருக்கே அதில் இடம் இருந்தது. அந்தக் குறையை மறைக்கத் தேவையில்லை. ஆயினும் நீரை ஆள்வது உள்ளூர் அவையின் பொறுப்பு என்ற நிர்வாகத் தெளிவு அதில் இருந்தது. இன்றைய உள்ளாட்சிகளிடம் அந்தத் தெளிவைக் காண்பது அரிது.

‘சமூகம்’ என்று ஒரே சொல்லில் அடக்கிவிடுவதும் ஆபத்து. பேரிகளில் பல தனியார் கையில் உள்ளன. சில கூட்டுறவு, சில அரசுடையவை. உரிமையாளரின் நலனும் கூலியாளின் நலனும் எப்போதும் ஒன்றல்ல. மனை விலை ஏறும்போது அவை நேரெதிராகவே நிற்கும். நகரின் தென்மேற்கில் துறைமுக நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து நடந்த முதியாலி மீனவர் கூட்டுறவுச் சங்கம் இந்த இடத்தில் முக்கியமான சான்று. தொழிற்சாலைக் கழிவு கலந்து வரும் நீரைச் சுண்ணாம்பு இட்டும் ஆகாயத்தாமரை வழியே செலுத்தியும் தெளியவைத்து, குளத்துக்குக் குளம் மாற்றி, உறுப்பினர்கள் மீன் வளர்த்தார்கள். அங்கேயே இயற்கைப் பூங்காவும் அமைத்தார்கள். உழைப்பவரே குளத்தை நிர்வகித்தால் நீரின் தரத்தைக் காப்பது அவர்களுடைய சொந்தக் காரியமாகிவிடும். ஆனால் நிலம் அவர்களுடையதன்று என்பதால், துறைமுக நிர்வாகத்துடன் உரிமைத் தகராறு நீண்டது. அனுபவ அறிவு எவ்வளவு இருந்தாலும், உறுதியான குத்தகை இல்லாமல் அது நிலைக்காது.

ஆகவே உள்ளாட்சிகள் விழிப்புணர்வு ஊர்வலமும் மரம் நடுவிழாவும் நடத்தினால் போதும் என்ற எண்ணத்தை மாற்ற வேண்டும். மேற்கு வங்கத்தில் இதற்கான அவை ஏற்கெனவே இருக்கிறது. அங்கே 1978 முதல் மூன்றடுக்கு ஊராட்சித் தேர்தல் தொடர்ந்து நடந்துவருகிறது. வாக்காளர்கள் நேரடியாகக் கூடும் கிராம சன்சத்தும் சட்டப்படி உண்டு. அதன் ஆண்டுக் கூட்டம் மே மாதத்தில், அரையாண்டுக் கூட்டம் நவம்பரில். மே என்பது பருவமழைக்கு முந்தைய மாதம். நவம்பர் கழிந்ததும் பேரிகளை வடிக்கும் காலம் வருகிறது. மழைக்கால மதகு மட்ட அட்டவணையையும், குளிர்காலத்தில் எந்தக் கால்வாயை முதலில் தூர் வாருவது என்ற வரிசையையும் நீர்ப்பாசனத் துறை இந்தக் கூட்டங்களில் வைத்து ஒப்புதல் பெறலாம். பம்பு நிலையங்களை இயக்கும் மாநகராட்சிப் பொறியாளர் அங்கே வந்து பதில் சொல்லலாம். மனை விற்பனையால் ஆதாயம் பெறாத பேரித் தொழிலாளர்களுக்கு, பெண்களையும் சேர்த்து, ஆணையத்தில் வாக்குரிமையுள்ள இடங்களை ஒதுக்கலாம். சுத்திகரிப்பு ஆலைக்குச் செலவிடாமல் மிச்சப்படுத்திய பணத்தில் ஒரு பங்கை மாநகராட்சி ஆண்டுதோறும் இந்த ஊராட்சிகளுக்குத் தூர்வாரும் நிதியாகத் தருவது நியாயம். 144 வார்டுகளின் கவுன்சிலர்களும் அந்தத் தொகையைத் தங்கள் பட்ஜெட்டில் கழிவுநீர்ச் செலவாகவே எழுதலாம்.