மலையின் கொழுந்தும் கரையின் பூவும்: இலங்கையிற் சுவையின் வரலாறு பற்றிய ஒரு நோக்கு

வரலாறு எழுதுவோர் பெரும்பாலும் மன்னரையும் போரையும் நிலவருவாயையும் பற்றியே எழுதுவர். மக்கள் நாள்தோறும் அருந்தும் பானத்துக்கும் வரலாறு உண்டென்பதும், நாவிற் படும் சுவையைத் தரம்பிரித்து விலைகூறும் வழக்கம் ஒரு குறிப்பிட்ட காலத்திற் குறிப்பிட்ட நலன்களுக்காகத் தோன்றியதென்பதும் அதிகம் கவனிக்கப்படாத விடயங்களாகும். இலங்கையைப் பொறுத்தவரையில் இவ்வரலாற்றை இரு தாவரங்களைக் கொண்டு விளக்கலாம். ஒன்று மலைநாட்டின் தேயிலை. மற்றையது வறண்ட கரையோரத்தின் ஆவாரை. இரண்டுமே உலர்த்தி, கொதிநீரிலிட்டு, வடித்து அருந்தப்படுபவை, இரண்டுமே துவர்ப்புடையவை. ஆயினும், ஒன்று பற்பல தரப்பெயர்களோடு உலகச் சந்தைக்கு ஏலம் கூறப்படுகின்றது. மற்றையதோ நெடுங்காலம் அடுக்களையையும் வைத்தியர் வீட்டுத் திண்ணையையும் தாண்டவில்லை. இவ்வேறுபாடு அவற்றின் இயல்பான சுவையினால் மட்டும் ஏற்பட்டதா, அன்றி அதற்கு வேறு காரணங்களும் உண்டா என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

புத்தளம் மாவட்டத்திலே, கற்பிட்டிக்கு வடக்கே, கடலுக்கும் கடனீரேரிக்கும் இடையில் அமைந்துள்ளது உச்சமுனை. பெயரில் உச்சம் இருப்பினும் நிலம் கடல்மட்டத்தை ஒட்டிய மணற்றரையே. மீன்பிடியை நம்பி வாழும் இத்தகைய கரையோரத்தில் தேயிலை வளர்ந்ததுமில்லை; வளரவும் இயலாது. மழை குறைந்து வெயில் மிகுந்த புத்தளம், மன்னார், அம்பாந்தோட்டைக் கரைகளுக்குரிய செடி ஆவாரையே. சங்க இலக்கியத்தில் ஆவிரை எனப்படுவதும், பேச்சுவழக்கில் ஆவரசு எனப்படுவதும், சிங்களத்தில் ரணவரா எனப்படுவதும் இதுவே. குறிஞ்சிப்பாட்டின் நீண்ட மலர்ப்பட்டியலில் இதற்கு இடமுண்டு. மடலேறத் துணிந்த தலைவன் சூடும் பூவும் இதுவே. இதன் பட்டை தோல் பதனிடப் பயன்பட்டது. பூவும் இலையும் குடிநீராயின. ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ என்னும் பழமொழி, இச்செடியின்மீது மக்கள் கொண்ட நம்பிக்கையைக் காட்டுகின்றது. ஆங்கிலத் தாவரவியல் நூல்கள் சிலவற்றில் ஆவாரைக்கு ‘மாத்தறைத் தேயிலை’ என்னும் பெயர் காணப்படுவது ஈண்டு நோக்கற்பாலது. தேயிலையை அளவுகோலாகக் கொண்டு நோக்கியவர்கள், ஏற்கெனவே பெயருள்ள ஒரு செடிக்குத் தேயிலையின் பெயரையே சூட்டினர்.

இலங்கை என்றதும் தேயிலை என்னும் எண்ணம் இன்று உலகெங்கும் வேரூன்றிவிட்டது. ஆனால், அது மிகவும் இளைய எண்ணமாகும். 1807இற் கற்பிட்டியிற் பிறந்த சைமன் காசிச்செட்டி, இலங்கையின் ஊர்களையும் மக்களையும் பற்றிய விவரத்திரட்டை 1834இல் ஆங்கிலத்தில் வெளியிட்டார். தமிழ்ப் புலவர்களின் வரலாற்றைக் கூறும் அவரது ‘தமிழ் புளூட்டாக்’ 1859இல் வெளிவந்தது. மறு ஆண்டு அவர் காலமானார். அவர் வாழ்நாள் முழுவதிலும் இலங்கையிலே தேயிலை ஒரு வணிகப் பயிராக இருக்கவில்லை. 1839இல் அஸாமிலிருந்து பேராதனைப் பூங்காவுக்கு வந்த விதைகள் ஆராய்ச்சிப் பொருளாகவே இருந்தன. மலைநாட்டில் அரசோச்சியது கோப்பிப் பயிரே. எனவே, ‘தமிழ் புளூட்டாக்’ என்னும் நூலைக் காட்டிலும் இலங்கைத் தேயிலை வயதிற் குறைந்தது எனல் மிகையாகாது.

1867இல் ஸ்கொட்லாந்தினரான ஜேம்ஸ் ரெயிலர் லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கர் நிலத்திலே தேயிலையைப் பயிரிட்டார். 1869இற் கோப்பியிலைகளிற் காணப்பட்ட துருநோய், அடுத்த இருபதாண்டுகளுக்குள் அப்பயிரையே அழித்தது. முதலீட்டாளர் தேயிலையின்பால் திரும்பினர். 1873இல் இலண்டனுக்குச் சென்ற தேயிலை 23 இறாத்தல் மட்டுமே. ஆனால், 1883 யூலை 30ஆந் தேதி கொழும்பில் முதலாவது தேயிலை ஏலம் நடைபெறுமளவுக்கு உற்பத்தி பெருகிவிட்டது. இந்த ஏலமே சுவையின் வரலாற்றில் ஒரு திருப்புமுனையாகும். தோட்டத்துக்குத் தோட்டம், வாரத்துக்கு வாரம் வேறுபடும் ஒரு பொருளை வாங்குபவனும் விற்பவனும் ஒரே மொழியில் மதிப்பிட வேண்டிய தேவை எழுந்தது. அத்தேவையே தேயிலைச் சுவைஞர் என்னும் தொழிலாளியை இலங்கையில் நிலைநிறுத்தியது.

சுவைஞரின் முறை, நாவையே ஓர் அளவுகருவியாக்க முயலும் முறையாகும். ஒரே அளவான இலை, ஒரே அளவான கொதிநீர், ஒரே அளவான நேரம், வெண்மையான பீங்கான் கிண்ணம் என்பன அதன் அடிப்படைகள். 1980இல் வெளியிடப்பட்ட அனைத்துலகத் தரநியமம் ஒன்று, 100 மில்லிலீற்றர் நீருக்கு 2 கிராம் இலை, 6 நிமிட ஊறல் என இதனை வரையறுத்துள்ளது. சுவைஞர் முதலில் உலர்ந்த இலையையும், பின்னர் ஊறிய இலையின் நிறத்தையும் மணத்தையும், ஈற்றில் வடிநீரையும் நோக்குவார். வடிநீரை ஒலியெழ உறிஞ்சி, வாயெங்கும் பரவவிட்டு, உமிழ்ந்துவிட்டு அடுத்த கிண்ணத்துக்குச் செல்வார். அருந்துவது அவர் நோக்கமன்று, ஒப்பிடுவதே நோக்கம். நிறம், செறிவு, துடிப்பு, மணம் ஆகியன பற்றிய அவருடைய ஒரு சொல், ஒரு தோட்டத்தின் வார வருவாயை உயர்த்தவும் தாழ்த்தவும் வல்லது.

இம்முறையின் வழியே தேயிலையின் சுவைக்கும் நிலத்துக்குமுள்ள தொடர்பு துலக்கமாயிற்று. 2,000 அடிக்குக் கீழே விளைவது தாழ்நிலத் தேயிலை. 4,000 அடிக்கு மேல் விளைவது உயர்நிலத் தேயிலை. இடைப்பட்டது மத்திய நிலத் தேயிலை. தாழ்நிலத் தேயிலை கருமையும் செறிவும் மிக்கது. நுவரெலியாவின் தேயிலை வெளிறிய பொன்னிறமும் மென்மையான மணமும் உடையது. உவாவின் தேயிலையோ யூலை முதல் செப்ரெம்பர் வரை வீசும் வறண்ட காற்றினால் குளிர்ச்சி பொருந்திய தனியொரு மணத்தைப் பெறுகின்றது. தென்மேற்குப் பருவக்காற்று மலையின் மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டுக் கிழக்கே வறண்டு இறங்குவதே இதற்குக் காரணம். கிழக்கிலங்கைத் தமிழர் கச்சான் என அழைப்பது இக்காற்றையே. அதே பருவக்காற்றுத்தான் அம்மாதங்களிற் கற்பிட்டிக் கடலைக் கொந்தளிக்கச் செய்து மீனவரைக் கரையில் நிறுத்துகின்றது. ஒரே காற்று மலையில் விலையை உயர்த்துகின்றது; கரையில் வருவாயைத் தடுக்கின்றது.

தமிழருக்குச் சுவை பற்றிய அறிவு இல்லாதிருந்ததா என்னும் வினா இங்கு எழுதல் இயல்பு. உண்மையில், துவர்ப்பை அறுசுவைகளுள் ஒன்றாகத் தனித்தெண்ணிய மரபு நம்முடையது. மேனாட்டு வகைப்பாடு துவர்ப்பை ஒரு சுவையாகவன்றி நாவின் தொடுவுணர்ச்சியாகவே கொள்கின்றது. தேயிலையின் சிறப்பு பெரிதும் துவர்ப்பிலேயே தங்கியுள்ளமையால், அதற்கு இயல்பான சொல் தமிழில் முன்னரே இருந்ததெனலாம். சித்த மருத்துவம் ஒரு மூலிகையை அதன் சுவை, குணம், வீரியம் முதலியவற்றைக் கொண்டு ஆராய்ந்தது. ஆயின், வைத்தியரின் வினா வேறு. சுவைஞரின் வினா வேறு. “இது உடலுக்கு என்ன செய்யும்?” என்று முன்னவர் கேட்டார். “இது என்ன விலை பெறும்?” என்று பின்னவர் கேட்டார். முதலாவது வினா ஏட்டிலும் வீட்டிலும் தங்கிவிட, இரண்டாவது வினா ஏலமண்டபங்களையும் துறைமுகங்களையும் எழுப்பிற்று. எனவே, ஆவாரை பின்தங்கியமைக்குச் சுவைக்குறையோ அறிவுக்குறையோ காரணமன்று. அதன் பின்னே மூலதனம் நிற்கவில்லை என்பதே காரணமாகும்.

சுவையின் வரலாற்றை உழைப்பின் வரலாற்றிலிருந்து பிரித்து நோக்கலாகாது. தமிழகத்திலிருந்து கோப்பிக்காலத்தில் வந்த தொழிலாளர், மன்னார்க் கரையில் இறங்கி வறண்ட காட்டுவழியே மலைநாட்டுக்குக் கால்நடையாகச் சென்றனர். பசியாலும் நோயாலும் வழியில் மாண்டோர் பலர். ஆவாரை பூக்கும் நிலத்தைக் கடந்து தேயிலை வளரும் நிலத்தை உருவாக்கியவர்கள் அவர்களும் அவர்தம் சந்ததியினருமே. இரண்டிலையும் ஒரு கொழுந்தும் எனத் தெரிந்து கிள்ளும் பெண்ணின் விரல்களிலேதான் தரம் தொடங்குகின்றது. முற்றிய இலை கலந்தால் எச்சுவைஞராலும் அதனை ஈடுசெய்ய முடியாது. ஆயினும், உயர்தரத் தேயிலை கப்பலேற, லயங்களின் அடுப்புகளில் கொதித்தது தூளே. சாயத் தண்ணீர் என்னும் சொல்லே அப்பானத்தின் தன்மையைக் கூறிவிடுகின்றது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அவர்களுட் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1972இல் நாட்டின் பெயர் மாறிய பின்னரும் ‘சிலோன் ரீ’ என்னும் வணிகப்பெயர் மாறாது பேணப்பட்டது. தேயிலைக்கு நாட்டின் பெயர் உரித்தாயிருந்த காலத்தில், அதனைப் பறித்தவர்களுள் எஞ்சியோருக்கு அந்நாடு உரித்தாவதற்கு 2003ஆம் ஆண்டின் சட்டம்வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

வாசனையூட்டிய தேயிலைகளும் மூலிகைக் கலவைகளும் பெருகியுள்ள இன்றைய சந்தையை இப்பின்னணியிலேயே நோக்குதல் வேண்டும். தேயிலைக்கு மணமூட்டுவது புதுமையன்று. சீனர் தேயிலையோடு புது மல்லிகை மலர்களை அடுக்கி வைத்து, மணம் ஏறியபின் மலர்களை நீக்கும் முறையை நெடுங்காலமாகக் கையாண்டனர். ஆங்கிலேயர் பேர்கமொற் என்னும் நாரத்தை இனப் பழத்தின் தோலெண்ணெயைச் சேர்த்து ‘ஏர்ல் கிரே’ என அருந்தினர். நம்மவர் இஞ்சியும் ஏலமும் தட்டிப்போட்டனர். இவற்றை ஒப்பிடுகையில் ஒன்று புலனாகும். மல்லிகை முறையில் மணம் இலையின் சுவையோடு இயைகின்றது. எண்ணெய் மிகுந்தவிடத்து அது இலையின் குறையை மறைக்கின்றது. ஆதலால், வாசனைத் தேயிலையைச் சுவைப்பவர் மணத்தைக் கடந்து அடியிலுள்ள துவர்ப்பைத் தேடுதல் வேண்டும். 1890இல் இலங்கைக்கு வந்த தோமஸ் லிப்டன் பெருக்கிய பொதிவணிகம் பல தோட்டத்து இலைகளைக் கலந்து, தோட்டத்தின் பெயரை மறைத்து, தன் பெயரை நிறுவியது. 1988இல் மெரில் பெர்னாண்டோ ‘டில்மா’ என்னும் பெயரிற் கலப்பற்ற இலங்கைத் தேயிலையை அவுஸ்திரேலியாவிற் சந்தைப்படுத்தியமை இப்போக்குக்கு எழுந்த ஒரு மறுப்பாகும்.

மூலிகைக் கலவைகளோ வேறொரு வினாவை எழுப்புகின்றன. தேயிலைச் செடியின் இலை இல்லாத பானத்தைத் தேநீர் என்பது பொருந்தாது. நம் முன்னோர் குடிநீர் எனவும் கசாயம் எனவும் வழங்கிய சொற்களே இதற்குத் தக்கவை. இன்று ரணவராவும் வில்வம்பூவும் பொதிகளாகிக் கடைகளில் விற்கப்படுகின்றன. சுவைஞரின் முறையை ஆவாரைக்கும் கையாளலாம். உலர்ந்த பூவின் வடிநீர் மஞ்சள் கலந்த பொன்னிறம், மணம் மெலிது, துவர்ப்புத் தெளிவு, தேயிலையின் துடிப்பு அதில் இல்லை. இலை சேரின் கசப்பு மேலோங்கும். இதனை உவாத் தேயிலையோடு ஒப்பிட்டுத் தாழ்வென்பது, குழலை முழவோடு ஒப்பிட்டு ஒலி குறைவென்பதை ஒக்கும். ஆவாரையின் பூவை ஆவாரையின் பூவோடு, இடத்துக்கு இடம், பருவத்துக்குப் பருவம் ஒப்பிட்டுக் குறித்துவைப்பதே முறையாகும்.

தென்னாபிரிக்காவின் அனுபவம் இவ்விடத்தில் நமக்குப் பாடமாகும். செடபெர்க் மலைப்பகுதியின் வறண்ட மணல்நிலத்தில் விளையும் றோய்பொஸ் என்னும் செடியின் பயனைத் தொன்றுதொட்டு அறிந்திருந்தவர்கள் கோய், சான் மக்கள். அது உலகப் பானமாகியபோது ஆதாயம் பிறருக்கே சென்றது. நீண்ட போராட்டத்தின் பின்னர், 2019இற் செய்யப்பட்ட உடன்படிக்கை, பண்ணைவாயில் விலையில் நூற்றுக்கு 1.5 வீதத்தை அம்மக்களுக்கு உரித்தாக்கிற்று. 2021இல் ஐரோப்பிய ஒன்றியம் அப்பெயரையும் அந்நிலத்துக்கே உரியதெனப் பாதுகாத்தது. அறிவுக்கும் நிலத்துக்கும் பெயருக்கும் உரிய பங்கு கேட்டாலன்றிக் கிடையாது என்பதே இதன் சாரம்.

உச்சமுனை உட்பட 14 தீவுகளைக் கொண்ட கற்பிட்டிச் சுற்றுலாத் திட்டம் வகுக்கப்பட்ட காலந்தொட்டு, அக்கரையின் நிலம் யாருக்கு உரியது என்னும் வினா எழுந்துள்ளது. அவ்வினாவோடு இன்னொன்றையும் சேர்த்துக் கேட்டல் வேண்டும். நாளை ஆவாரைப் பூ ஓர் அழகிய பொதியில் உயர்ந்த விலைக்கு விற்கப்படுமாயின், பொதியின்மீது யாருடைய பெயர் பொறிக்கப்படும்? பூவைக் கொய்த கரையோரப் பெண்ணுக்கு அதில் எவ்வளவு கிடைக்கும்? மலைநாட்டில் ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்னர் இவ்வினாக்களைக் கேட்பதற்கு எவருமிருக்கவில்லை. அதன் விளைவை நாம் அறிவோம். கரையோரத்தில் அவற்றைக் கேட்பதற்கு இன்னும் காலம் உண்டு. ஊர்தோறும் வழங்கும் குடிநீர்களின் பெயரையும் பக்குவத்தையும் சுவையையும் முதியோரிடம் கேட்டுப் பதிவு செய்தலே அதற்கு முதற்படி. அப்பணி தமிழும் வரலாறும் பயிலும் மாணவராகிய நம்முடையதே.