ஐயமும் பிரமாணமும்: தரை ஸ்பாய்லரின் பாதுகாப்பு நியாயம்

ஸ்ரீபெரும்புதூர் முதல் ஒரகடம் வரை பரந்துள்ள மோட்டார்த் தொழிற்சாலைகளின் பிரஸ் ஷாப்புகளில், தொழிலாளி இரு கைகளாலும் இரு பொத்தான்களை ஒருங்கே அழுத்தினாலன்றி அச்சு கீழிறங்காதபடியும், ஒளித்திரையை ஒரு விரல் மறித்தாலும் இயந்திரம் நின்றுவிடும்படியும் அமைப்பது வழக்கம். அபாயகரமான பாகங்களுக்கு வேலியிட வேண்டுமென்று 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் விதித்த கடமையின் நுண்ணிய வளர்ச்சியாகிய இவ்வேற்பாட்டின் தத்துவம், ஐயம் எழுந்தால் நிற்க என்பதே. நிற்பதனால் உற்பத்தி குறையுமேயன்றி உயிர் போகாது. வல்லம் வடகாலில் விமானத் தொழிற்பூங்கா அமைந்துள்ள இந்நாளில், அத்தத்துவத்தை அப்படியே விமானத்துக்குப் பொருத்தலாகாது என்பது என் வாதம்.

தரை ஸ்பாய்லர் என்பது இறக்கையின் மேற்பரப்பில் படிந்திருந்து, விமானம் தரைதொட்டதும் எழுந்து நிற்கும் பலகை. அது தூக்குவிசையைச் சிதைத்துப் பாரத்தைச் சக்கரங்களின்மேல் இறக்குகிறது. பாரம் ஏறாத சக்கரத்தில் பிரேக் சரிவரப் பிடிக்காது. ஆகவே அப்பலகை அகாலத்தில் விரிவதும், உரிய காலத்தில் விரியாமையும் ஒருங்கே மரணஹேதுவாகக் கூடும்.

1970 ஜூலை 5 அன்று டொரான்டோவில் ஏர் கனடாவின் டிசி-8 விமானம் ஓடுபாதைக்குச் சுமார் 60 அடி மேலே வருகையில், துணை விமானி நெம்புகோலை இழுத்துவிட, அதைத் தடுக்கும் பூட்டு இல்லாமையால் பலகைகள் வானிலேயே விரிந்தன. 109 பேரும் மாண்டனர். அனைத்தையும் விமானியின் விவேகத்துக்கே விட்டுவிடலாம் என்பார்க்கு இதுவே மறுப்பு.

ஆனால் பூட்டின் கடுமையும் கொல்லும். 1993 செப்டம்பர் 14 அன்று வார்சாவில், பின்காற்று வீச, நனைந்த ஓடுபாதையில் லுஃப்தான்சாவின் ஏ-320 வலக்கால் முந்தத் தரைதொட்டது. பலகைகள் எழ, இரு பிரதான கால்களிலும் தலா 6.3 டன் பாரம், அன்றேல் 72 நாட் வேகத்துக்குரிய சக்கரச் சுழற்சி, ஆகிய இரு பிரமாணங்களுள் ஒன்றைக் கணினி வேண்டிற்று. இடக்கால் அமுங்கச் சுமார் 9 விநாடி சென்றது. நீர்ப்படலத்தில் வழுக்கிய சக்கரமும் போதிய வேகத்தில் சுழலவில்லை. விமானம் ஓடுபாதையைத் தாண்டியது, இருவர் இறந்தனர். பிரமாணங்கள் இரண்டாயினும், காற்றும் மழையும் கூடிய ஒரே சந்தர்ப்பம் இரண்டையும் மௌனமாக்கிற்று. பின்னர் லுஃப்தான்சா விமானங்களில் அப்பூட்டு நீக்கப்படவில்லை. வேண்டப்பட்ட பாரமே 2 டன்னாகக் குறைக்கப்பட்டது.

இதுவே சரியான நெறி. பிரமாணங்களின் எண்ணிக்கையைவிட, அவை ஒன்றையொன்று சாராதிருத்தலே முக்கியம். போயிங் 737-இல் ரேடியோ உயரமானியின் அளவும் சாட்சியாவது இக்காரணம் பற்றியே. எனினும் எந்திர நியாயம் தரைதொட்ட பின்னரே தொடங்குவது. 2020 ஆகஸ்ட் 7 அன்று கோழிக்கோட்டில், மழையில், 737 விமானமொன்று 2,700 மீட்டர் ஓடுபாதையின் பாதியளவு கடந்தபின் தரைதொட்டு, மேட்டுப்பாதையின் விளிம்பைக் கடந்து வீழ்ந்தது. 21 பேர் இறந்தனர். எங்கே தரைதொடுவது, எப்போது மீண்டும் மேலெழுவது என்ற நிர்ணயம் விமானியுடையது.

செயலின்மை உயிர் காக்கும் இயந்திரம் வேறு, செயலின்மையே உயிர் பறிக்கும் இயந்திரம் வேறு. இப்பேதத்தை நிச்சயித்த பின்னரே எந்தப் பாதுகாப்புப் பூட்டையும் வடிவமைத்தல் பொறியாளரின் தர்மமாகும்.