பதினைந்து வயதில் ஒரு தேர்தல்

உங்கள் ஊரில் தேர்தல் நடைபெறுவதாக எண்ணிக்கொள்ளுங்கள். வாக்குச்சாவடி முன் நீண்ட வரிசை. வரிசையில் நிற்பவர்களைப் பார்த்தால் மீசை அரும்பாத பையன்கள், பள்ளிப் படிப்பை முடிக்காத பெண்கள். இவர்கள் வேடிக்கை பார்க்க வந்தவர்கள் அல்லர், வாக்களிக்க வந்தவர்கள். வேட்பாளரும் இவர்களுள் ஒருவரே. வெற்றி பெற்றவர் ஊர் மன்றத்தில் தம் தந்தையின் வயதுடைய உறுப்பினர்களுக்குப் பக்கத்தில் அமர்வார், தீர்மானங்களின்மீது வாக்களிப்பார். ஊரின் பொது நிதியில் நூற்றுக்குப் பத்து அவருடைய குழுவின் பணிகளுக்கென்று ஒதுக்கப்பட்டிருக்கும்.

இது கற்பனை அன்று. பிலிப்பைன்ஸ் நாட்டில் 1992ஆம் ஆண்டு முதல் இவ்வாறே நடந்துவந்தது. பள்ளிகளில் நடக்கும் மாதிரிப் பாராளுமன்றங்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அங்கே ஒரு மாணவர் பிரதமராக நடிப்பார். மணி அடித்ததும் வகுப்புக்குத் திரும்பிவிடுவார். பிலிப்பைன்ஸில் நடந்தது நடிப்பு அன்று. சட்டம் இயற்றி, தேர்தல் ஆணையம் நடத்தி, அரசுப் பணத்தைக் கையில் கொடுத்துச் செய்த சோதனை அது. உலகில் வேறெந்த நாடும் இந்த அளவுக்குத் துணிந்ததாகத் தெரியவில்லை. ஆனால், இந்தச் சோதனையின் தொடக்கம் அவ்வளவு தூய்மையானது அன்று. அந்தக் கதையிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

பிலிப்பைன்ஸில் ஆட்சியமைப்பின் மிகச் சிறிய அலகுக்குப் 'பராங்காய்' என்று பெயர். நம் ஊராட்சியைப் போன்றது. நகரங்களில் வட்டத்தைப் போன்றது. நாடெங்கும் ஏறத்தாழ 42,000 பராங்காய்கள் உள்ளன. இச்சொல் படகைக் குறிக்கும் பழஞ்சொல்லிலிருந்து வந்தது. ஒரே படகில் வந்திறங்கிய உறவினர் கூட்டமே ஓர் ஊர் என்பது அந்தத் தீவு மக்களின் பழைய எண்ணம். ஸ்பானியர் ஆட்சியில் 'பாரியோ' என்று மாறிப்போன பெயரை, 1974இல் அதிபர் பெர்டினாண்டு மார்க்கோஸ் மீண்டும் 'பராங்காய்' என்று மாற்றினார்.

மார்க்கோஸ் 1972 செப்டம்பரில் நாட்டில் இராணுவச் சட்டத்தைப் பிறப்பித்தவர். அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, 1970ஆம் ஆண்டின் முதல் மூன்று மாதங்களில், மணிலா நகரத் தெருக்கள் மாணவர் கிளர்ச்சியால் கொந்தளித்தன. இராணுவச் சட்டம் வந்ததும் மாணவர் இயக்கங்கள் தடை செய்யப்பட்டன. தலைவர்கள் பலர் சிறைப்பட்டனர், சிலர் தலைமறைவாயினர். இளைஞர்களை அடக்கிவிட்டால் மட்டும் போதுமா? அவர்களுக்கு வேறொரு வாசலையும் திறந்து வைக்க வேண்டும் என்று ஆட்சியாளர்கள் கருதினர் போலும். 1975 ஏப்ரலில் ஓர் ஆணை பிறந்தது. ஒவ்வொரு பராங்காயிலும் 15 வயது நிரம்பி 18 வயதை எட்டாதவர்கள் கூடித் தமக்கென ஒரு தலைவரையும் உறுப்பினர்களையும் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றது அந்த ஆணை. இந்த அமைப்புக்குக் 'கபத்தாங் பராங்காய்', அதாவது 'இளையோர் பராங்காய்' என்று பெயர். வயது வந்தோர் தாம் விரும்பிய அதிபரைத் தேர்ந்தெடுக்க முடியாத நாட்டில், பதினைந்து வயதினர் தேர்தலில் நின்றனர்!

அதன் தேசியத் தலைவர் யார் தெரியுமா? அதிபரின் மூத்த மகள் ஐமி மார்க்கோஸ்.

1977 ஆகஸ்டு 31ஆம் நாள் மணிலாவில் அவர் கலந்துகொண்ட ஒரு கூட்டத்தில் ஆர்க்கிமிடீஸ் டிராஹானோ என்ற 21 வயது மாணவர் எழுந்து ஒரு கேள்வி கேட்டார். இந்த அமைப்பின் தேசியத் தலைமைக்கு ஐமி மார்க்கோஸ் எவ்வாறு வந்தார் என்பதே அதன் சாரம். ஐமிக்கும் அப்போது வயது 21தான். கூட்டத்திலிருந்து அந்த மாணவரை வலிந்து இழுத்துச் சென்றனர். பின்னர்ப் பெற்றோருக்குக் கிடைத்தது, சித்திரவதை செய்யப்பட்ட அவருடைய உடல் மட்டுமே. மார்க்கோஸ் குடும்பம் 1986இல் நாட்டைவிட்டு வெளியேறி ஹவாயித் தீவை அடைந்தபோது, அந்த மாணவரின் தாய் அங்கேயே வழக்குத் தொடுத்தார். ஐமி நீதிமன்றத்தில் எதிர்வாதம் செய்ய வரவில்லை. 1991இல் அமெரிக்க நீதிமன்றம் 41 லட்சம் டாலருக்கும் மேற்பட்ட தொகையைக் கொடுக்குமாறு தீர்ப்பளித்தது. மறு ஆண்டு மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. ஒரு தேர்தலைப் பற்றி எழுப்பிய ஒரே ஒரு கேள்விக்காக ஓர் உயிர் போயிற்று. இளையோர் அமைப்பின் வரலாற்றைச் சொல்பவர்கள் இந்தப் பக்கத்தைத் தாண்டிச் செல்வது முறையன்று.

1986 பிப்ரவரியில் மக்கள் திரண்டு எழுந்து மார்க்கோஸை அகற்றினர். அவர் ஏற்படுத்திய இளையோர் அமைப்பையும் அகற்றிவிட வேண்டும் என்ற குரல் எழுந்தது. அகற்றவும் செய்தனர். ஆயினும், இளையோருக்கு ஊராட்சியில் இடம் என்ற எண்ணத்தை அவர்கள் கைவிடவில்லை. 1987ஆம் ஆண்டு அரசியல் சட்டம் நாட்டைக் கட்டியெழுப்புவதில் இளைஞரின் பங்கை ஏற்றுக்கொண்டது. 1991ஆம் ஆண்டு உள்ளாட்சிச் சட்டம் 'சங்குனியாங் கபத்தான்' என்ற புதிய அமைப்பை உண்டாக்கியது. 'சங்குனி' என்றால் கலந்து ஆலோசித்தல். 'கபத்தான்' என்றால் இளையோர். நாம் இதனை இளையோர் மன்றம் என்றே அழைப்போம்.

மன்றத்திற்கு ஒரு தலைவர், ஏழு உறுப்பினர்கள். வாக்களிப்போர், போட்டியிடுவோர் இருசாராருக்கும் வயது 15 முதல் 21 வரை. முதல் தேர்தல் 1992 டிசம்பர் 4ஆம் நாள் நடைபெற்றது. கட்சிச் சார்பு கூடாது என்பது சட்டம். வாக்களிக்கும் முறையும் நமக்குப் புதுமையானது. நம் ஊரில் சின்னத்தைப் பார்த்து முத்திரை குத்தினோம். பின்னர்ப் பொத்தானை அழுத்தப் பழகினோம். பிலிப்பைன்ஸ் பராங்காய்த் தேர்தலிலோ வாக்காளர் தாம் விரும்பும் வேட்பாளரின் பெயரை வெற்றுக் கோட்டின்மேல் தம் கையாலேயே எழுத வேண்டும். தலைவருக்கு ஒரு பெயர், உறுப்பினர்களுக்கு ஏழு பெயர்கள்.

தலைவராக வென்றவர் பராங்காய் மன்றத்திலும் முழு உறுப்பினர் ஆகிறார். அதோடு முடிவதில்லை. ஒரு நகராட்சியிலுள்ள தலைவர்கள் எல்லாரும் கூடித் தம்முள் ஒருவரைத் தேர்ந்தெடுத்தால், அவர் நகர மன்ற உறுப்பினர். மாகாண அளவில் தேர்ந்தெடுக்கப்படுபவர் மாகாண மன்ற உறுப்பினர். இவ்வாறு ஒரு பதினேழு வயது இளைஞர் ஒரு மாகாணத்தின் வரவு செலவுத் திட்டத்தின்மீது வாக்களிக்க முடிந்தது! நம் நாட்டில் ஊராட்சி உறுப்பினராகப் போட்டியிடக்கூட 21 வயது நிரம்ப வேண்டும் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு இதைப் பாருங்கள்.

அடுத்து, பணம். பராங்காயின் பொது நிதியில் பத்தில் ஒரு பங்கு இளையோர் மன்றத்திற்கு என்று சட்டம் எழுதி வைத்தது. சிற்றூர்களில் அது சிறு தொகை. பெருநகரப் பராங்காய்களில் பெருந்தொகை. அதை அவர்கள் எப்படிச் செலவிட்டார்கள்?

பெரும்பாலும் கூடைப்பந்துக்கு! நமக்குக் கிரிக்கெட் எப்படியோ, பிலிப்பைன்ஸ் மக்களுக்குக் கூடைப்பந்து அப்படி. ஆடுகளம் சீரமைத்தல், கோடைகாலப் போட்டி, ஆட்டக்காரர்களுக்குச் சீருடை, திருவிழா நாளில் அழகிப் போட்டி ஆகியவற்றில் பணம் கரைந்தது. 2007இல் யுனிசெஃப் ஆதரவுடன் வெளிவந்த ஓர் ஆய்வும் விளையாட்டும் கட்டட வேலைகளுமே மிகுதியாக இருந்ததைச் சுட்டிக்காட்டியது. இதைக் கேட்டு நகைப்பவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். விளையாட்டு வேண்டும் என்றுதான் அந்த வயதினர் விரும்பினர். அவர்களுடைய பிரதிநிதியும் அதைச் செய்தார். பெரியவர்கள் அமைக்கும் ஊர் வளைவுகளும் சிலைகளும் எந்த விதத்தில் மேல்?

ஆனால், வேறு குறைகள் அவ்வளவு எளிதில் ஒதுக்கத்தக்கவை அல்ல. பராங்காய்த் தலைவர் தம் மகனையோ மருமகளையோ இளையோர் மன்றத் தேர்தலில் நிறுத்துவார். வென்றால் மன்றத்தில் ஒரு வாக்கும், பத்தில் ஒரு பங்கு நிதியும் வீட்டுக்குள்ளேயே இருக்கும். பிள்ளை பொம்மை, நூல் தந்தையின் கையில். உறவினர் அல்லாதவர் வென்றாலும் தொல்லை தீரவில்லை. நிதி பராங்காயின் கருவூலத்திலேயே இருந்தது. தலைவரின் மனம் கனிந்தால்தான் பணம் வெளிவரும். மேலும், 18 வயது நிரம்பாதவர் ஒப்பந்தத்தில் கையெழுத்திடச் சட்டப்படி தகுதியற்றவர். அப்படியானால் ஆடுகளத்தைக் கட்டும் குத்தகைதாரரோடு ஒப்பந்தம் செய்பவர் யார்? அதிகாரத்தைக் கொடுத்த சட்டம், அதைச் செலுத்தும் கையைக் கட்டியும் வைத்திருந்தது. தவறு நேர்ந்தபோது பழி மட்டும் இளையோர்மேல் விழுந்தது.

தேர்தல் தேதியும் பெரியவர்கள் கையில்தான் இருந்தது. இரண்டாம் தேர்தல் 1996 மே மாதம். அடுத்தது 1999இல் நடந்திருக்க வேண்டும். ஆனால் 2002 ஜூலையில்தான் நடந்தது. 1996இல் 21 வயதில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஒருவர் 27 வயதில் பதவியை விட்டிறங்கினார்! 2002இல் வயது வரம்பும் மாறிற்று. 15 முதல் 18க்குள் என்று சுருக்கினர். இளையோர் மன்றம் இப்போது முழுக்க முழுக்கப் பள்ளி வயதினரின் மன்றமாயிற்று. 2007இலும் 2010இலும் தேர்தல்கள் நடந்தன. ஒவ்வொரு முறையும் 'இந்த மன்றம் தேவைதானா?' என்ற கேள்வி பாராளுமன்றத்தில் எழுந்துகொண்டே இருந்தது.

2013 அக்டோபர் 28ஆம் நாள் அடுத்த தேர்தல் நடைபெற இருந்தது. அதற்கு மூன்றே வாரங்கள் இருக்கையில் அதை ஒத்திவைத்துச் சட்டம் பிறந்தது. இருந்த பதவிகளும் காலியாயின. இவ்வாறு நாற்பத்தீராயிரம் பராங்காய்களிலும் இளையோர் மன்ற நாற்காலிகள் நாலரை ஆண்டுக் காலம் காலியாகக் கிடந்தன. அந்த ஆண்டில் 13 வயதாக இருந்த ஒரு சிறுமியைக் கற்பனை செய்துபாருங்கள். அடுத்த தேர்தல் நடந்தபோது அவளுக்கு 18 வயது ஆகிவிட்டது. பழைய சட்டப்படி வாக்களிக்கவும் போட்டியிடவும் உரிய மூன்று ஆண்டுகளும் அவளுக்குத் தேர்தலே இன்றிக் கழிந்தன.

இதற்கிடையே 2016 ஜனவரியில் சீர்திருத்தச் சட்டம் ஒன்று நிறைவேறியது. அது பல நல்ல காரியங்களைச் செய்தது. மன்றத்திற்குத் தனி வங்கிக் கணக்கு. பதவியேற்கும் முன் கட்டாயப் பயிற்சி. பதவியிலிருக்கும் தேசிய அரசியல்வாதிக்கோ, அதே வட்டாரத்து உள்ளாட்சிப் பதவியாளருக்கோ இரண்டாம் படிவரை உறவுடையவர் போட்டியிடத் தடை. இந்தத் தடையில் ஒரு வேடிக்கை உண்டு. அரசியலில் குடும்ப ஆதிக்கத்தைச் சட்டத்தால் தடுக்க வேண்டும் என்று 1987ஆம் ஆண்டு அரசியல் சட்டமே சொல்லியிருந்தது. ஆனால் 29 ஆண்டுகளாகப் பாராளுமன்றம் அப்படியொரு சட்டத்தை இயற்றவில்லை. முதன்முதலாக இயற்றியபோது, அது பெரியவர்களைக் கட்டுப்படுத்தவில்லை; இளையவர்களை மட்டுமே கட்டுப்படுத்தியது. தாம் அருந்த மறுத்த மருந்தைப் பிள்ளைக்குப் புகட்டினர் எனலாம்.

அதே சட்டம் வயதையும் மாற்றியது. வாக்களிப்போர் 15 முதல் 30 வயது வரை. போட்டியிடுவோர் 18 முதல் 24 வரை. ஒப்பந்தத்தில் கையெழுத்திடவும், கணக்குத் தவறினால் நீதிமன்றத்தில் பதில் சொல்லவும் கூடியவரே பணத்தைக் கையாள வேண்டும் என்பது இதற்குச் சொல்லப்பட்ட நியாயம். மறுக்க முடியாத நியாயந்தான். ஆயினும், பணப் பொறுப்பை மட்டும் மூத்தவர் ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டு, மன்றத்தில் இரண்டு மூன்று இடங்களைப் பதினைந்து வயதினருக்கு விட்டுவைத்திருக்கலாமே என்று எனக்குத் தோன்றுகிறது. 18 வயதுக்குட்பட்டவருக்கு வாக்குண்டு. வேட்பு மனு இல்லை என்றாயிற்று.

புதிய சட்டப்படி முதல் தேர்தல் 2018 மே 14ஆம் நாளும், அடுத்தது 2023 அக்டோபர் 30ஆம் நாளும் நடைபெற்றன. பள்ளிக் கட்டடங்களே வாக்குச்சாவடிகள். ஆண்டு முழுவதும் தாம் அமர்ந்து படிக்கும் அறைக்குள் நுழைந்து, அந்தப் பதினைந்து வயதினர் வாக்குச்சீட்டில் பெயர்களை எழுதினார்கள். அந்தப் பெயர்களில் தம் வகுப்புத் தோழரின் பெயர் ஒன்றும் இருக்க இயலாது. எழுதியவை எல்லாம் தம்மைவிடக் குறைந்தது மூன்று வயது மூத்தவர்களின் பெயர்கள்.